மீதி அரை லிட்டர்

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் மேசைக்கடியில் நுழையாது என்பது திலகவதிக்கு முப்பது வருஷமாகத் தெரியும், தெரிந்தும் ஒவ்வொரு பள்ளியிலும் ஒருமுறை நுழைத்துப் பார்த்து இடித்துக்கொண்ட பிறகுதான் பக்கவாட்டில் திரும்பி உட்காருவாள், இன்றைக்கும் அப்படியே ஆயிற்று, இடது முழங்கால் விண்ணென்று தெறித்தது, பக்கத்திலிருந்த சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிக்கட்டும், ஊரில் உள்ள ஆசிரியர்களையெல்லாம் அளந்து பார்க்கிற அம்மாளுக்குத் தன் காலின் நீளம் தெரியவில்லை. மடியில் படிவம். ஐம்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம், ஆம் என்றால் ஒரு மதிப்பெண், இல்லை என்றால் ஒன்றுமில்லை. சென்னை அலுவலகத்தில் இதற்குத் திலகவதி படிவம் என்றே பெயர், அவள் இல்லாதபோது அப்படிச் சொல்கிறார்கள் என்று தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வாள், உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும், பிள்ளை குட்டி இல்லாதவளுக்கு அவ்வளவாவது பெயர் சொல்ல ஒன்று இருக்கட்டுமே. நாலு மாவட்டத்தில் மூன்று வருஷமாகச் சோதனை ஓட்டம். திங்கட்கிழமை குழு கூடி மாநிலம் முழுக்க இதையே வைத்துப் பதவி உயர்வு என்று முடிவெடுத்துவிட்டால் ஐந்து மாதத்தில் நிம்மதியாக ஓய்வு பெறலாம். இருபத்தைந்துக்குக் கீழே தொடர்ந்து மூன்று முறை வாங்குகிற ஆசிரியரை வகுப்பிலிருந்து எடுத்து ஆறு மாதம் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும், பிறகு வேறு பள்ளி, அது அவள் எழுதிய விதி. அதோ கரும்பலகையோரம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிற ராஜகனி டீச்சர் முதல் தடவை வாங்கியது இருபத்திரண்டு, அடுத்த தடவை இருபத்து மூன்று, இன்றைக்கு மூன்றாவது தடவை, இந்த நாற்பது நிமிஷம் முடிந்து மணி அடிக்கும்போது இந்த ஆறாம் வகுப்பு அவளுக்கு உண்டா இல்லையா என்பது தீர்ந்துவிடும். வழக்கமாக வட்டாரத்து ஆட்களே பார்த்து எழுதி அனுப்புவதுதான், விளாத்திகுளம் பக்கத்து இந்தக் கரிசல் காட்டுக்குத் திலகவதி தானே கிளம்பி வந்ததற்குக் காரணம் ஒரு கணக்கு ஒத்துவராததுதான். மாநிலத் தேர்வில் இந்த டீச்சரிடம் கணக்குப் படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் மேலே, படிவத்தில் இந்த டீச்சர் எல்லோருக்கும் கீழே. காப்பியடித்திருப்பார்கள் மேடம் என்றார்கள் அலுவலகத்தில். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

சுவரில் ஒரு சார்ட்டுகூட இல்லை, அதிகாரி வருகிறார் என்று தெரிந்தும் தொங்கவிடவில்லை, ஒன்பதாவது கேள்வி, கற்பித்தல் உபகரணம் பயன்படுத்துகிறாரா, இல்லை. மற்ற பள்ளிகளில் அவள் ஜீப் திரும்புகிற சத்தம் கேட்டதுமே பரணிலிருந்து சார்ட்டுகள் இறங்கிவிடும், மடிப்பு விழுந்த சூரியக் குடும்பம், கால் கிழிந்த தவளை, பிள்ளைகள் அத்தனை பேரும் கை தூக்குவார்கள், விடை தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை, அதிகாரிக்குக் காடு மாதிரிக் கை தெரியும், டீச்சருக்கு யாரைக் கேட்கலாம் என்று தெரியும், இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கே ஏழு வருஷம் ஆனது, கண்டுபிடித்த அன்றைக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. இங்கே கை தூக்குகிற வேலையே இல்லை போலிருக்கிறது. ராஜகனி கணக்கை எழுதிக்கூடப் போடவில்லை, வாயால் சொன்னாள். "ஒன்னே முக்கால் லிட்டர் நல்லெண்ணெய் இருக்கு. அரை லிட்டர் பாட்டில்ல ஊத்தணும். எத்தன பாட்டில் ரொம்பும், மீதி எவ்ளோ இருக்கும்? அவ்வளவுதான்." சொல்லிவிட்டு ஜன்னல் கட்டையில் சாய்ந்துகொண்டாள். பிள்ளைகள் நோட்டில் கிறுக்கினார்கள். திலகவதியும் மனசுக்குள் போட்டுப் பார்த்தாள், பழக்கதோஷம், ஏழின் கீழ் நாலு, தலைகீழாக்கிப் பெருக்கு, மூன்றரை, ஆக மூன்று பாட்டில், மீதி அரை, முடிந்தது. இரண்டாவது வரிசையில் எண்ணெய் வழியத் தலை சீவிய ஒரு பெண், முத்தரசி என்று கூப்பிட்டாள் டீச்சர், எழுந்து அதையேதான் சொன்னது. "மூணு பாட்டில் ரொம்பும் டீச்சர். மீதி அரை லிட்டர்." கெட்டிக்காரப் பிள்ளை. ராஜகனி கரும்பலகைக்குப் போய் மூணு பாட்டில், மீதி அரை லிட்டர் என்று எழுதினாள், அதற்கு நேரே முத்தரசி என்று பெயரையும் எழுதினாள், சரி என்று சொல்லவில்லை, நன்று என்று சொல்லவில்லை, கைதட்டச் சொல்லவில்லை, திரும்பி வந்து பழையபடி ஜன்னலில் சாய்ந்துகொண்டாள். திலகவதி பேனாவைத் திறந்தாள். பதினாறாவது கேள்வி, சரியான விடையை ஆசிரியர் பாராட்டுகிறாரா, இல்லை. குறிப்புப் பகுதியில் அழகாக எழுதினாள், மாணவி சரியான விடை கூறியும் ஆசிரியர் ஏற்கவில்லை. நீல மையில்.

ராஜகனி ஒன்றும் பேசவில்லை. மின்விசிறி கிர்க் கிர்க்கென்று ஒரே இடத்தில் தட்டிக்கொண்டு சுற்றியது. சமையல் கொட்டகையிலிருந்து சாம்பார் கொதிக்கிற வாசனை வந்தது. இன்னும் பேசவில்லை. திலகவதிக்கு யாராவது எதையாவது சொல்லுங்களேன் என்றிருந்தது, இதென்ன, இவள் வகுப்பு, இவள் அல்லவா பதற வேண்டும், எனக்கு ஏன் பதற்றம் என்று நினைத்தாள், நினைத்தபோதே காரணமும் தெரிந்துவிட்டது, தெரிந்ததை அந்தப் பக்கம் தள்ளினாள், தள்ளினால் போகிறதா. மன்னார்குடியில் அவள் டீச்சராக இருந்த மூன்று வருஷம். இருபத்து மூன்று வயது. வகுப்புக்குள் நுழைந்ததும் பேச ஆரம்பிப்பாள், மணி அடிக்கிறவரை நிறுத்த மாட்டாள், தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்த மாட்டாள், நன்றாக நடத்துகிறாள் என்று தலைமையாசிரியருக்கு ஏகத் திருப்தி. நிறுத்தினால் யாராவது கேள்வி கேட்டுவிடுவார்கள் என்கிற பயம் என்று யாருக்குத் தெரியும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தும்மல் வந்து நிறுத்தினாள், அந்த இடைவெளியில் கோமளவல்லி என்ற பெண் எழுந்து, வகுக்கும்போது ஏன் டீச்சர் தலைகீழாக்கணும் என்று கேட்டுவிட்டது. அது அப்படித்தான், உட்கார். அது அப்படித்தான். அந்தப் பெண்ணின் முகத்தில் கோபமில்லை, வருத்தமில்லை, சரி என்று உட்கார்ந்தது, அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அது எழுந்திருக்கவே இல்லை. அடுத்த மாதமே பயிற்சி நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டாள். அங்கிருந்து திட்ட அலுவலகம், அங்கிருந்து சென்னை. பிள்ளைகளிடமிருந்து தப்பி ஓடி வந்தவள் கடைசியில் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கு மார்க் போடுகிறவள் ஆனாள், இதைச் சொன்னால் யார் நம்புவார்கள், நல்லவேளை, யாரும் கேட்டதில்லை. எத்தனை நிமிஷம் ஆயிற்று. கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. எப்படி இந்தப் பெண்பிள்ளை இவ்வளவு சும்மா நிற்கிறாள். சும்மாவா நிற்கிறாள். கண்ணைப் பார்த்தாள். ராஜகனியின் கண் சும்மா இல்லை, ஒவ்வொரு முகமாகப் போய் நின்று, அந்த முகத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த முகத்துக்குப் போனது, சுற்றி வந்து திலகவதியின் முகத்திலும் ஒரு கணம் நின்றது.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல், எழுந்திருக்காமலே, யாரிடமோ பேசுகிற மாதிரி. "ஏட்டி, அரை லிட்டர் மீதி இருந்தா இன்னொரு பாட்டில் ரொம்பிருமேட்டி." ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. மின்விசிறி கிர்க்கென்றது. திலகவதி மறுபடி போட்டுப் பார்த்தாள். அரை லிட்டர் பாட்டில். மீதி அரை லிட்டர். இருந்தால் நாலாவது பாட்டில் ரொம்பிவிடும். ரொம்பும்தானே. ரொம்பாமல் என்ன செய்யும். அப்படியானால் நாலு பாட்டில், நாலு பாட்டில் என்றால் இரண்டு லிட்டர், ஆனால் இருப்பது ஒன்றே முக்கால். அப்படியானால் தப்பு. முத்தரசி சொன்னது தப்பு. நான் போட்டதும் தப்பு. படிவத்தைப் பார்த்தாள், நீல மையில் பளிச்சென்று இருந்தது, மாணவி சரியான விடை கூறியும். காது மடல் சூடேறியது. யாரும் பார்க்கவில்லை, பக்கத்துச் சிறுமி மூக்கைக் குடைந்துகொண்டிருந்தாள், இருந்தும் திலகவதி படிவத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள், பரீட்சையில் பக்கத்தவள் பார்த்துவிடாமல் மறைக்கிற மாதிரி. ஐம்பத்தேழு வயது. எம்.எஸ்ஸி. கணிதம். மூன்று பாடநூல் குழுவில் உறுப்பினர். பைக்குள்ளே முந்தைய இரண்டு படிவமும் இருந்தன, ஜீப்பில் வரும்போது படித்ததுதான், படித்துச் சிரித்ததுதான், ஆசிரியருக்குப் பாடத்தில் தெளிவில்லை, விடையை மாணவர்களிடமே கேட்கிறார் என்று எழுதியிருந்தார் ஒருவர், தவறான விடையைப் பலகையில் எழுதிவிட்டு வேடிக்கை பார்த்தார் என்று எழுதியிருந்தார் மற்றவர், பதினாலாவது கேள்விக்கு இருவருமே இல்லை. பதினாலு. தவறான விடையை ஆசிரியர் உடனே திருத்துகிறாரா. இது எப்படி வந்தது என்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, ஏற்காட்டில் மூன்று நாள் பட்டறை, மூன்றாம் நாள் மதியம் ஒன்றே முக்கால் மணி, பதினோரு பேருக்கும் பசி, பக்கத்துக் கூடத்தில் பிரியாணித் தட்டுகளின் சத்தம், திருத்துகிறாரா என்று மட்டும்தான் முதலில் எழுதியிருந்தார்கள், எப்போது திருத்துவது என்று தெளிவாக இருக்க வேண்டாமா என்று யாரோ கேட்டார்கள், உடனே என்று போடுங்கள் என்றாள் அவள். அவள்தான். ஆங், அது சரி, அடுத்தது என்றார்கள் எல்லோரும். ஒரு சொல் போட அரை நிமிஷம்கூட ஆகவில்லை. உடனே என்றால் எவ்வளவு நேரம், யாருக்கு உடனே, எதற்கு உடனே, யாரும் கேட்கவில்லை, சாப்பிடப் போய்விட்டார்கள். அந்தச் சொல் அங்கிருந்து கிளம்பி நாலு மாவட்டம் சுற்றி இந்த வகுப்புக்குள் வந்து இரண்டு தடவை இந்தப் பெண்பிள்ளையின் தலையில் உட்கார்ந்திருக்கிறது.

"அது எப்பிடி நாலாகும், மூணரைன்னுதான வந்துச்சு" என்றான் முன்வரிசையில் ஒருவன். "வந்துச்சுல, அப்ப அரை எங்கருந்து வந்துச்சு." "அதான கேக்கேன்." வகுப்பு முழுக்கச் சலசலவென்று பேச்சு கிளம்பியது, ராஜகனி அதட்டவில்லை, இருபத்தோராவது கேள்வி, வகுப்பில் ஒழுங்கு பேணப்படுகிறதா, திலகவதியின் கை பழக்கத்தில் அந்தக் கட்டத்துக்குப் போய், போன இடத்திலேயே நின்றது. ஏனென்றால் அவர்கள் பேசிக்கொண்டிருந்தது கணக்கைப் பற்றி. இருபத்தெட்டுப் பிள்ளைகளும். மதியச் சாப்பாட்டுக்கு முந்தின பீரியடில், சாம்பார் வாசனை மூக்கைத் துளைக்கும்போது, அரை எங்கிருந்து வந்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் எத்தனை வகுப்பில் உட்கார்ந்திருப்பாள், மூவாயிரம் இருக்குமா, நாலாயிரம் இருக்குமா, பிள்ளைகள் கவனிப்பதைப் பார்த்திருக்கிறாள், கைகட்டி உட்கார்வதைப் பார்த்திருக்கிறாள், சேர்ந்து கத்துவதைப் பார்த்திருக்கிறாள், யோசிப்பதைப் பார்த்தது உண்டா என்று தேடினாள், தேடத் தேட ஒன்றுகூட அகப்படவில்லை. இப்படித்தான் இருக்குமா அது. முத்தரசி தன் பெயருக்கு நேரே உள்ள விடையைப் பார்த்துக்கொண்டே இருந்தது, அதன் முகத்தில் அவமானம் இருக்குமென்று திலகவதி பயந்தபடி பார்த்தாள், தப்பை இப்படிப் பெயர் போட்டு ஊர் பார்க்க எழுதி வைத்தால் பிள்ளை கூசாதா, தனக்கே இங்கே காது சுடுகிறதே, ஆனால் அந்த முகத்தில் கூச்சம் இல்லை, வீட்டில் காணாமல் போன சாவியைத் தேடுகிறவர்களுக்கு வருமே ஒரு முகம், அந்த முகம். ராஜகனி வாயைத் திறந்தாள், பத்து நிமிஷத்தில் முதல் தடவை. "முத்தரசி, ஒனக்கு அது எப்பிடி வந்துச்சுன்னு சொல்லு. நீ போன வழியிலயே நாங்களும் வாறோம்." அதட்டல் இல்லை, கொஞ்சல் இல்லை, கேலி துளியும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற குரல். ஒரு பிள்ளையின் தப்பைத் தெரிந்துகொள்ள ஒருத்திக்கு இவ்வளவு ஆசை இருக்க முடியுமா. இதற்குக் கட்டம் எங்கே. திலகவதி முதல் கேள்வியிலிருந்து ஐம்பதுவரை கண்ணை ஓட்டினாள். இல்லை. எங்கேயும் இல்லை. எழுதியவளுக்குத் தெரிந்தால்தானே இருக்கும்.

முத்தரசி பலகைக்குப் போய் வரிசையாகப் போட்டுக் காட்டியது, தலைகீழாக்கியது, பெருக்கியது, மூன்றரை என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டது. "இங்கவரைக்கும் சரியா?" என்று வகுப்பைக் கேட்டாள் ராஜகனி. சரிதான் என்றார்கள். ஏட்டி என்று பேசின பெண், பேச்சியம்மாள், அதுவும் பலகைக்கு வந்துவிட்டது, யாரும் கூப்பிடவில்லை, கூப்பிடாமல் எழுந்து வரலாம் போலிருக்கிறது இந்த வகுப்பில், வந்து அது பாட்டுக்குப் பாட்டில் பாட்டிலாக வரைந்தது, மூன்று பாட்டில், ஒவ்வொன்றிலும் அரை அரை, ஒன்றரை லிட்டர் போச்சு, இருப்பது ஒன்றே முக்கால், மீதி கால் லிட்டர்தான் டீச்சர் என்றது. படம் ஒன்று சொல்கிறது, கணக்கு ஒன்று சொல்கிறது. திலகவதி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கால் லிட்டர் என்பது அவளுக்கு எப்போதோ பிடிபட்டுவிட்டது, ஆனால் அந்த அரை, மூன்றுக்குப் பின்னால் வருகிற அரை, அது என்ன, அது பொய்யில்லை, வழிமுறை சரி, விடை சரி, அப்படியானால் அது எதனுடைய அரை, முப்பத்தைந்து வருஷமாகத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறாளே, ஒருநாளாவது கேட்டாளா. சொல்லிவிடாதே டீச்சர் என்று மனசுக்குள் கெஞ்சினாள், நானே கண்டுபிடிக்கிறேன், ஒரு நிமிஷம் கொடு. ராஜகனி சொல்கிற மாதிரி இல்லை. முத்தரசி மூன்று பாட்டிலையும் பார்த்தது, பேச்சியம்மாள் வரையாமல் விட்ட நாலாவது பாட்டிலின் இடத்தைப் பார்த்தது, சாக்பீஸை வாங்கி அங்கே ஒரு பாட்டில் வரைந்து பாதிவரை கோடு கிழித்தது. அப்படியே நின்றது. அதன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. "டீச்சர்" என்றது மெதுவாக, திரும்பாமல். "அது அரை லிட்டர் இல்ல டீச்சர். அரை பாட்டில்." வகுப்பில் ஆமா, ஆமா என்று ஆங்காங்கே கிளம்பியது. ராஜகனி சிரித்தாள், அன்றைக்கு முதல் தடவையாக, அதுவும் ஒரு வெற்றிச் சிரிப்பு இல்லை, நல்ல சேதி கேட்டவர்கள் சிரிப்பது. திலகவதிக்குக் கண் நிறைந்துவிட்டது, கண்ணாடியைக் கழற்றினால் தெரிந்துவிடும் என்று கழற்றாமல் இருந்தாள். எவ்வளவு பெரிய காரியம் இது. ஒரு பிள்ளை தன் தலைக்குள்ளேயே போய், தான் தடுக்கி விழுந்த கல்லைத் தானே எடுத்துக்கொண்டு வருகிறது, இன்னொருத்தி அதற்கு வாசலைத் திறந்து வைத்துவிட்டு ஓரமாக நிற்கிறாள், அந்த ஓரமாக நிற்பதற்கு எத்தனை வருஷப் பழக்கம் வேண்டும், எவ்வளவு தைரியம் வேண்டும், கோயிலில்கூட இப்படி அவளுக்கு மனசு நிறைந்ததில்லை, ஆசிரியர் தரம் ஆசிரியர் தரம் என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருப்பாள், எத்தனை அறிக்கையில் எழுதியிருப்பாள், அது இப்படி இருக்குமென்று தெரியாமலே.

மணி அடித்தது. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடின, ஓடும்போதும் நாலாவது பாட்டிலைப் பற்றித்தான் பேச்சு. திலகவதி படிவத்தை மேசைமேல் விரித்தாள். முதலில் செய்ய வேண்டியதைச் செய்தாள், பதினாறாவது குறிப்பை ஒரே கோட்டால் அடித்து, பார்வையாளரின் தவறு என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள், அடித்தால் முழுக் கையெழுத்து வேண்டும், அதுவும் அவள் போட்ட விதிதான். பிறகு கட்டங்களைக் கூட்டினாள். இருபத்து மூன்று. இன்னொரு தடவை கூட்டினாள், இருபத்து மூன்றுதான். நேர்மையாகப் போட்டால் இருபத்து மூன்று. பார்த்ததை எழுதுங்கள், பிடித்ததை எழுதாதீர்கள் என்று எத்தனை பயிற்சியில் மேசையைத் தட்டிச் சொல்லியிருக்கிறாள், இப்போது அவளே நாலு இல்லையை ஆமாக்கினால் யாரும் கேட்கப்போவதில்லை, பேனா கையில் இருக்கிறது, வராண்டாவில் வட்டார அலுவலகத்துச் சங்கரபாண்டியன் போனில் யாரிடமோ ஆமா சார், இப்ப முடிஞ்சிரும் சார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாலு கட்டம். இருபத்தேழு. ராஜகனி தப்பித்துவிடுவாள். படிவமும் தப்பித்துவிடும். திங்கட்கிழமை எல்லாம் நல்லபடியாக முடியும், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது, அவளுக்கு மாலை போட்டு அனுப்புவார்கள். அந்த நினைப்பு எவ்வளவு இதமாக இருந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. அப்படித்தானே, படிவம் தப்பிப்பதற்காக இவளைத் தப்பிக்க வைப்பது. மன்னார்குடியில் செய்ததும் அதுதான், மூச்சு விடாமல் பேசித் தப்பித்தது. இதே படிவம் போனால் அடுத்த வருஷம் மாநிலம் முழுக்க எத்தனை வகுப்பில் எத்தனை பேர் உடனே திருத்திவிட்டு அடுத்த கணக்குக்குப் போவார்கள். மொத்தம் என்ற கட்டத்தில் அவள் எண் போடவில்லை. பக்கத்தின் குறுக்கே பெரிய எழுத்தில் எழுதினாள். இந்த வகுப்பை இந்தப் படிவத்தால் அளக்க முடியவில்லை. குறை படிவத்தினுடையது. அதை எழுதியவள் நான். இந்த ஆசிரியர் இந்த வகுப்பிலேயே இருக்க வேண்டும். பெயர், பதவி, தேதி.

சங்கரபாண்டியன் எட்டிப் பார்த்தார். "மேடம், எத்தனைன்னு சொன்னீங்கன்னா ஏத்திருவேன். சைட்டு மத்தியானத்தோட மூடிருவாங்க."

"எண் இல்ல சார்" என்றாள் திலகவதி. "படிவம் ரத்து. திங்கக்கெழம கூட்டத்துல நானே சொல்லிக்கிறேன்."

அவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு மறுபடி போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் போனார். இன்றைக்கு ராத்திரிக்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிடும், தெரியட்டும். ஆசிரியரின் கையெழுத்தும் வேண்டுமே என்று படிவத்தை ராஜகனியிடம் நீட்டினாள். ராஜகனி சாக்பீஸ் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, நின்றபடியே படித்தாள், அடித்திருந்த வரியை ஒரு தடவை, குறுக்கே எழுதியதை இரண்டு தடவை. நன்றி சொல்வாள், அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று திலகவதி எதிர்பார்த்தாள், எதிர்பார்த்தது வெட்கமாகக்கூட இருந்தது. ராஜகனி கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"நீங்களும் அரை லிட்டர்னுதான் போட்டீங்க, இல்ல மேடம்."

"ஆமா டீச்சர்."

"மொகத்துலயே தெரிஞ்சது. தப்பில்ல மேடம், ரொம்பப் பேரு அங்கதான் விழுவாங்க." சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்து, சொன்னாள். "இந்த மாதிரி நடத்தணும்னு எனக்கா ஒன்னும் தோணல. எங்கூட டீச்சர் ட்ரெய்னிங் படிச்சவ மரியபுஷ்பம்னு ஒருத்தி. அவ கிளாஸைப் போய்ப் பாத்துட்டு வந்துதான் நான் ஆரம்பிச்சேன். அவளுக்கு முன்னால நானெல்லாம் ஒன்னுமே இல்ல மேடம். பிள்ளைக ராத்திரி அவ வீட்டுக்கு வந்து கதவத் தட்டும், டீச்சர் கண்டுபிடிச்சிட்டேன்னு."

"அவங்க எங்க இருக்காங்க? அவங்க வகுப்பையும் பாக்கணும் டீச்சர்" என்றாள் திலகவதி. குரலில் ஆசை அப்படியே தெரிந்தது. இதைவிடப் பெரிய ஒன்று இருக்கிறதா, அதையும் பார்த்துவிட்டால்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மூணு தடவையும் பத்தொம்பது வாங்குனா. ஆறு மாசம் அனுப்பிட்டாங்க." ராஜகனி படிவத்தை மடித்து நீட்டினாள். "திரும்பி வந்துட்டா மேடம். இப்ப நல்லா வாங்குறா. போன தடவ நாப்பத்தி நாலு."

பத்தொன்பதிலிருந்து நாற்பத்து நாலு. திலகவதிக்கு அந்த இரண்டு எண்ணும் தெரியும். திங்கட்கிழமைக் கோப்பில் முதல் பக்கத்தில் இருப்பவை அவைதான், பெயர் போடாமல், படிவத்தால் முன்னேறிய ஓர் ஆசிரியர் என்ற தலைப்பில், பச்சை நிறத்தில் ஒரு கோடு கீழிருந்து மேலே ஏறுகிற படத்தோடு. அவளே தேர்ந்தெடுத்தது. நூற்றுக்கணக்கான பேரில் இந்த ஏற்றம்தான் அழகாக இருக்கிறது என்று.

"இப்ப எப்படி நடத்துறாங்க?" என்று கேட்டாள், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நீங்க கேட்டிருக்கிற மாதிரியே நடத்துறா மேடம்" என்றாள் ராஜகனி. "பிள்ளைக தப்பாச் சொன்னா ஒடனே திருத்திருதா."

வெளியே பிள்ளைகள் தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது. திலகவதி மடித்த படிவத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.